வளையத்தின் மெய்யான வட்டம்

பிளேட்டோ எழுதியதாகச் சொல்லப்படும் ஏழாம் கடிதத்தில் கடைசல் பொருள் ஒன்று சாட்சியாக வருகிறது. கையால் வரைந்தாலும் கடைந்து எடுத்தாலும், அந்த வட்டத்தில் நேர்கோட்டின் சாயல் எங்கும் கலந்திருக்கும். குறையற்ற வட்டம் அறிவுக்கு மட்டுமே எட்டும் என்பது அங்குள்ள வாதம். பேரிங் வளையத்தை அளப்பவருக்கு மெய்யான வட்டம் எது என்ற கேள்வி அன்றாட வேலை.

வளையம் சுழல, நுண்ணிய ஊசி ஒன்று அதைத் தொட்டபடி இருக்கும். திரையில் அலையலையாக ஒரு கோடு விழும். சுற்றுக்கு ஒரே அலை என்றால் வளையம் மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது. மூன்று என்றால் மூன்று தாடைச் சக் இறுக்கிப் பிடித்த தடமாக இருக்கலாம். நூற்றுக்கணக்கில் வருபவை கிரைண்டிங் அதிர்வும் சொரசொரப்பும். இவற்றில் எதுவரை வடிவம்? அலைகளைப் பிரித்தெடுக்கும் ஃபில்டர்தான் எல்லை போடுகிறது: சுற்றுக்கு 15, 50, 150, 500 அலைகள் என்று. காஸியன் ஃபில்டரில் அந்த எல்லையும் மதில்சுவர் அல்ல. எல்லையில் நிற்கும் அலையின் உயரத்தில் பாதி உள்ளே வந்துவிடும். ஆகவே ஒரே வளையத்தின் வட்டத்தன்மைக்கு 50-இல் ஓர் எண், 500-இல் பெரும்பாலும் அதைவிடப் பெரிய எண்.

அப்படியானால் வட்டத்தன்மை அளப்பவரின் விருப்பமா?

இல்லை. ஒற்றை அலையை நீக்கும்போது போவது வளையத்தை வைத்த கையின் பிழை. நுண்ணலைகளை நீக்கும்போது போவது வளையத்தின் சொந்த உடம்பு. மென்பொருளில் இரண்டும் ஒரே கணக்காகத் தெரியலாம். அந்த பேரிங் பூட்டிய மோட்டார் ஓடும்போது அந்த நுண்ணலைகள் இரைச்சலாக வெளியே கேட்கும். எந்த அலையை விடலாம் என்பதை அந்தப் பாகம் செய்யப்போகும் வேலையே முடிவு செய்கிறது.

ஃபில்டரே வேண்டாம் என்பவரும் தப்ப முடியாது. இருபுறமும் தொட்டு விட்டம் பார்க்கும் மைக்ரோமீட்டர், சீரான மூன்று மேடுள்ள உருவத்தை வட்டம் என்றே நம்பிவிடும். 1986-இல் சேலஞ்சர் விண்வெளி ஓட விபத்தை விசாரித்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், ராக்கெட் பாகங்களின் வட்டத்தை மூன்று இடங்களில் விட்டம் பார்த்து உறுதிசெய்தார்கள் என்று அறிந்தபோது, அது போதாது என்று சுட்டிக்காட்டினார். கருவி எதுவானாலும் அது எதையோ காணாமல் விடுகிறது; ஊசியின் உருண்டை முனைகூடக் குறுகிய பள்ளத்துக்குள் இறங்குவதில்லை.

இன்னும் சிக்கலானது, கோட்டில் திடீரென்று எழும் ஒற்றைக் கூர்முனை. அது தூசியா, கீறல் எழுப்பிய பிசிரா? ரோபஸ்ட் ஃபில்டர் இரண்டையும் ஒன்றுபோல ஒதுக்கிவிடும். ஆயில் சீல் உட்காரும் தண்டில் அது கீறலின் பிசிராக இருந்தால் எண்ணெய் கசியலாம். பாகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி அளக்கும் பொறுமை மனிதரிடமிருந்துதான் வர வேண்டும்.

எந்த ஃபில்டர், எத்தனை அலை, எந்த வட்டத்தோடு ஒப்பிட்டது என்று சொல்லாமல் ‘வட்டத்தன்மை 2 மைக்ரான்’ என்று மட்டும் எழுதிய அறிக்கை வந்தால், வாங்குபவர் அதைத் திருப்பி அனுப்பிக் கேட்க வேண்டும்.