எவருடைய நகரம்?

பழம்பெரும் நகரொன்றின் வீதிகளிலே உலவி அதன் அழகைச் சுவைப்பது தீதற்ற இன்பம் என்றே நாம் கருதுகின்றோம். ஆயினும், அங்குள்ள கல்லைச் சுமந்தவர் யார், அதற்குரிய பொன் எங்கிருந்து வந்தது என்று கேளாமற் சுவைத்தல் அறமாகுமா? போர்த்துக்கல்லின் தலைநகரான லிஸ்பனின் பேட்டைகள் இக்கேள்வியை நம்முன் வைக்கின்றன.

நகரின் மேற்கே, தேஜோ ஆற்றங்கரையில் உள்ளது பெலெம். அங்குள்ள ஜெரோனிமோஸ் மடாலயத்திலே கப்பற்கயிறுகளும் கொடிகளும் கல்லில் முறுகிப் படர்ந்திருக்கக் காண்போர் வியப்பர். மானுவேல் மன்னன் காலத்தில், 1501ஆம் ஆண்டளவில் தொடங்கிய அப்பணிக்கு, ஆபிரிக்காவோடும் கீழைத்தேயங்களோடும் நடந்த வாணிபத்தின் மீது விதித்த இருபதில் ஒரு பங்கு வரி பயன்பட்டது. வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் அங்கேயே உண்டு. அவ்வாணிபத்துக்கு வாள் துணைநின்றது என்பதை, 1619இல் யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயரிடம் இழந்த நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நகரின் உள்ளே மொராரியா என்றொரு பேட்டை உண்டு. 1147இல் லிஸ்பனைக் கைப்பற்றிய கிறித்தவ அரசு, எஞ்சிய முஸ்லிம்களை மதிலுக்கு வெளியே ஒதுக்கிய இடம் அது. 1496இல் பிறந்த அரசாணை அவர்களை நாட்டைவிட்டே துரத்தியது. மற்றொரு தெருவின் பெயர் ‘கறுப்பர் குழி’. இறந்த அடிமைகளின் உடல்கள் வெளியிலே வீசப்படுவதை அறிந்த அரசன், அவற்றைப் போடுவதற்கு ஆழ்குழி ஒன்றை வெட்டுமாறு 1515இல் ஆணையிட்டான். அதன் நினைவையே அத்தெருப்பெயர் தாங்குகின்றது என்பர். ஆணையிட்டவனோ, மடாலயம் எழுப்பிய அதே மானுவேல்!

அவ்வாறாயின் அந்நகரை நாம் வெறுத்து ஒதுக்குவதா? அன்று. 1755 நவம்பர் 1ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பத்தில் அழிந்து, நேர்வீதிகளோடு மீண்டெழுந்த பைஷாப் பகுதியிலே, பொன்வேலை செய்வோருக்கு ஒரு வீதி, சப்பாத்துத் தைப்போருக்கு ஒரு வீதி என வகுத்தனர். ‘சப்பாத்து’ என்னும் சொல்லே அவர்கள் மொழியிலிருந்து நம்மிடம் வந்ததுதான். அச்சப்பாத்துத் தொழிலாளி நமது பகைவனல்லன். நம்மைப் போலவே உழைத்துண்டவன். கொள்ளையின் பெரும்பங்கு அவன் கூரையின்கீழ்ச் சேரவில்லை.

“பழைய கணக்கை இன்று ஏன் கிளற வேண்டும்? அழகு அழகுதானே!” என்பர் சிலர். கணக்கு முடியவில்லை என்பதே நமது விடை. பூகம்பத்துக்குப் பெரும்பாலும் தப்பிநின்ற அல்பாமா, மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் வாழ்ந்த குறுகிய சந்துகளின் பேட்டை. அண்மை ஆண்டுகளில் அங்குள்ள வீடுகள் பல, உல்லாசப் பயணிகள் சில நாள் தங்கிப்போகும் விடுதிகளாகிவிட்டன. வாடகை ஏறியது; தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தோர் வெளியேற நேர்ந்தது. அன்று மொராரியாவை வகுத்தது அரசாணை. இன்று அல்பாமாவை வெறுமையாக்குவது பணம். அழகைத் தேடிச் செல்லும் பயணியின் பணமும் அதிலே சேர்ந்துள்ளது.

ஆகவே, வெறும் பார்வையாளன் என்று எவனும் தப்பிவிட முடியாது. அழகிய நகரைக் காணச் செல்வோர் செல்லட்டும். தூணை நிமிர்ந்து நோக்கும் கண், அதைச் செதுக்கிய கையையும், குழியிலே வீழ்ந்த உடலையும், இன்று வீட்டைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கும் முதியவளையும் காணட்டும். அவர்களைக் காணாத இரசனையை நாம் இரசனை என்று கொள்வதற்கில்லை.