பூஜ்யம் சாட்சி சொல்லுமா?

ஜாவா நிரல்களைக் கட்டமைக்கும் மேவன் கருவி ஓடி முடிகிறது. திரையில் பச்சை எழுத்தில் 'பில்ட் சக்ஸஸ்'. அதற்குச் சற்று மேலே: ஓடிய சோதனைகள் 0, தோல்வி 0, பிழை 0.

தோல்வி இல்லை என்பது உண்மைதான். அதை வைத்து நிரலில் குறையே இல்லை என்று கொள்ளலாமா? மீமாம்சகர் குமாரில பட்டர் இந்தச் சிக்கலை 7-ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே குடைந்தவர். இல்லாமையை அறிய 'அனுபலப்தி' என்ற தனி அளவையையே, அதாவது அறியும் வழியையே, அவர் மரபு ஏற்றது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும் அளவைகளைப் பட்டியலிடும்போது அபாவத்தை, அதாவது இல்லாமையை, குறிப்பிடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பொருள் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வெளிச்சமான தரையில் குடத்தைக் காணோம் என்றால் குடம் இல்லை. இருட்டறையில் காணோம் என்றால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மேவனில் இருட்டு கவிவதற்கான காரணங்கள் அற்பமானவை. சோதனைகளை ஓட்டும் ஷூர்ஃபயர், கோப்பின் பெயரைப் பார்த்தே பொறுக்கும். 'பில்டெஸ்ட்' என்றிருந்தால் எடுத்துக்கொள்ளும். 'பில்செக்' என்றால் திரும்பியும் பாராது. ஜாவா சோதனைகளை எழுத உதவும் ஜேயூனிட் 5-க்கான நேரடி ஆதரவு, 2018-இல் வந்த ஷூர்ஃபயர் 2.22.0 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பு கிடந்தால், எழுதிய சோதனைகள் ஓடாமல் எழுதியபடியே இருக்கும்.

பைத்தானின் சோதனைக் கருவியான பைடெஸ்ட் இதில் கறார். ஒரு சோதனையும் சிக்காவிட்டால் 5 என்ற பிழைக் குறியீட்டோடு வெளியேறிவிடும். குமாரிலர் மெச்சியிருப்பார்!

ஷூர்ஃபயரிலும், சோதனை எதுவும் இல்லையென்றால் தோல்வி என்று அறிவிக்க 'ஃபெயில்இஃப்நோடெஸ்ட்ஸ்' என்றொரு அமைப்பு இருக்கிறது, ஆனால் அது தானாக இயங்காது. மேவன் பயன்படுத்துவோர் அதை இன்றே முடுக்கிவிடலாம்.