விரைவும் விருந்தும்

உணவு விரைவாகக் கிடைப்பது நன்மையா, தீமையா என்னும் வினா மேலோட்டமாக நோக்குமிடத்து அற்பமானதாகத் தோன்றலாம். ஆயின், ஒரு சமூகம் எதை உண்கின்றது என்பதிலும் பார்க்க, அவ்வுணவு எவர் கையிலிருந்து எவர் கைக்குச் செல்கின்றது என்பதே அச்சமூகத்தின் ஒழுக்கத்தை அளக்கும் கோலாகும். துரித உணவுத் தொழில் உலகெங்கும் பரவியுள்ள இக்காலத்தில் இவ்வினா ஆறவமர ஆராயத்தக்கது.

இத்தொழிலின் பிறப்பிடம் ஐக்கிய அமெரிக்கா. 1921 இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரில் 'வைற் காசில்' என்னும் நிறுவனம் ஹம்பேர்கரை மலிவாக விற்கத் தொடங்கியது. 1940 இல் கலிபோர்னியாவின் சான் பேர்னாடினோவில் உணவகம் ஒன்றைத் திறந்த மக்டொனால்ட் சகோதரர்கள், 1948 இல் அதனைச் சில மாதங்கள் மூடி முற்றாக மாற்றியமைத்தனர். உணவு வகைகள் ஒன்பதாகக் குறைந்தன; பீங்கானும் கரண்டியும் நீங்கிக் கடதாசி உறைகள் வந்தன; ஹம்பேர்கரின் விலை 15 சதமாயிற்று. மோட்டார் வண்டித் தொழிற்சாலையிற்போல, ஒருவர் இறைச்சியை வாட்ட, மற்றொருவர் உறையிலிட, வேலை கூறுகூறாகப் பிரிக்கப்பட்டது. சமையற்காரர் மறைந்தார், சமையலின் ஒரு கூற்றைச் செய்பவரே எஞ்சினார். 1955 இல் இம்முறையைக் கிளைகளாகப் பரப்பப் புகுந்த றே குறொக், 1961 இல் 27 இலட்சம் டொலருக்குச் சகோதரர்களின் உரிமையை வாங்கினார். அதன்பின் விற்பனையானது உணவு மட்டுமன்று. எங்குச் சென்றாலும் அதே சுவை என்னும் உறுதியுமாகும்.

1998 இல் இலங்கைக்கு வந்த அந்நிறுவனத்தின் உணவகங்கள் உரிமை ஒப்பந்தப் பிணக்கினால் 2024 இல் மூடப்பட்டன. பழக்கமோ மூடப்படவில்லை. அது பரவுதற்குப் பெயர்ப்பலகை தாங்கிய உணவகமும் வேண்டுவதில்லை. கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரிவிலுள்ள ஜெயபுரத்தை நோக்கினால் இது விளங்கும். மொட்டைக்கறுப்பன் அரிசிக்குப் பெயர்பெற்றது பூநகரி மண். அத்தகைய மண்ணிலும், நூடில்ஸ் பைக்கற்றும் இனிப்புச் சோடாவும் பெட்டிக்கடை வரை சென்றுவிட்ட காலம் இது. இந்த மாற்றத்தின் அடியில் இருப்பது கோதுமை மா. 1980 இல் திருகோணமலையில் பெரும் மாவாலை இயங்கத் தொடங்கிற்று. அதில் அரைபடும் தானியமோ கடல் கடந்து வருவது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோது, தம் நிலத்தில் விளையாத ஒன்றிலே தம் காலைப் பசி தங்கியிருந்ததை மக்கள் உணர்ந்தனர்.

எனினும் விரைவையே குற்றவாளியாக்குதல் பொருந்தாது. முன்னோரிடத்தும் துரித உணவு இருந்தது. வயலுக்குப் புறப்படுபவன் பழஞ்சோற்றைக் கரைத்துக் குடித்தான். வழிநடப்பவன் அவலும் பொரிமாவும் புழுக்கொடியலும் கொண்டு சென்றான். இவை உண்ணும்போது மட்டுமே விரைவானவை. பனங்கிழங்கை அவித்து வெயிலிற் காயவைத்த நாள்களும், நெல்லை ஊறவைத்து இடித்த கைகளும் அவ்விரைவுக்குப் பின்னால் இருந்தன. உண்பவன் அக்கைகளை அறிவான். அவற்றுக்குக் கடன்பட்டிருப்பதையும் அறிவான். புதிய துரித உணவிலும் உழைப்பு உண்டு. ஆனால் அவ்வுழைப்பாளரை உண்பவன் அறியான். விலையைக் கொடுத்ததும் கடன் தீர்ந்ததென எண்ணுகின்றான்.

அவ்வாறாயின் வீட்டு அடுப்புக்கே மீள்வது அறமாகுமா? 1986 இல் உரோமாபுரியில் மக்டொனால்ட் உணவகம் திறக்கப்பட்டதை எதிர்த்தெழுந்த உணர்விலிருந்து, ஆறுதலாக ஆக்கி ஆறுதலாக உண்ணும் இயக்கமொன்று இத்தாலியில் தோன்றியது. அதன் நோக்கம் போற்றத்தக்கது. ஆயினும் ஆறுதலாக உண்பவருக்காக அடுப்படியில் நிற்பவர் யார் என்பதையும் கேட்டல் வேண்டும். தமிழர் இல்லங்களில் அவர் பெரும்பாலும் பெண். எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பவரும் அவரே. போரிலே துணையை இழந்து, பகலில் கூலிக்கும் தொழிற்சாலைக்கும் சென்று, தனித்துக் குடும்பம் தாங்கும் பெண்கள் பலர் வாழும் வன்னியில், மாலையில் ஒரு பைக்கற்று நூடில்ஸை அவிக்கும் தாயைப் பழிப்பது நீதியாகாது. தாயின் கைமணத்தைப் புகழ்வோர் அக்கையின் களைப்பை மறைத்துவிடலாகாது.

எனவே உணவின் அறத்தை அளக்கும் கேள்வி வேறு: இதை ஆக்கியவர் உண்டாரா? வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்த விருந்தோம்பலின் உயிர், பதார்த்தங்களின் எண்ணிக்கையில் இல்லை; ஒருவர் பசியை மற்றொருவர் அறிதலில் உள்ளது. 2008 இல் ஜெயபுரம் உட்பட்ட பூநகரிப் பகுதி மக்கள் போரினாற் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். அவ்வாறு ஒதுங்கிய வன்னி மக்களுக்கு 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் வார்க்கப்பட்டது அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி. கறியில்லை, இலையில்லை, அமர்ந்துண்ண இடமுமில்லை. விரைவாக ஆக்கி, வரிசையில் நின்று, விரைவாகக் குடித்த உணவே அது. எனினும் ஆண்டுதோறும் மே மாதத்தில் மக்கள் அதனை மீண்டும் காய்ச்சி, சிரட்டையில் ஏந்திப் பகிர்கின்றனர். வார்த்தவரும் வாங்கியவரும் ஒரே பசியில் நின்றமையே அக்கஞ்சியை விருந்தாக்கியது.

துரித உணவுத் தொழில் மனிதருக்கு நேரத்தை மீதப்படுத்தித் தந்துள்ளது, அதனை மறுத்தற்கில்லை. அந்நேரம் எவருடைய களைப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை மறக்கச் செய்ததே அதன் பெருந்தீங்கு. இத்தீங்கு பெருநகர்க் கண்ணாடி உணவகத்தில் மட்டும் நிகழ்வதன்று. கேளாமல் உண்டு எழும் ஒவ்வொரு வீட்டிலும் நிகழ்வது. அடுப்படியில் நிற்பவரின் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, அவரையும் உடனிருத்தி உண்ணும் இல்லத்தில் பாணும் விருந்தாகும்.