கார்த்திகை மாதத்து ஆத்துமாக்கள்



கார்த்திகை பிறந்தால் நமக்கு ஆத்துமாக்களின் மாதம். 2ஆம் திகதி சேமக்காலைக்குப் போகிறோம். கல்லறைக்கு வெள்ளையடித்து, மெழுகுதிரி கொளுத்தி, சுவாமியார் தீர்த்தம் தெளித்து வரும்வரை காத்து நிற்கிறோம். அதே மாதம் 27ஆம் திகதி மாலையிலும் 1989ஆம் ஆண்டு முதல் இம்மண்ணில் விளக்கேற்றப்படுகிறது. போரில் மாண்ட போராளிகளுக்காக. இரண்டு நாளும் அழுகிற தாய் சிலவேளை ஒருத்தியேதான். அவளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அவளுடைய பிள்ளைக்குக் கல்லறை இல்லை. கோப்பாய்த் துயிலுமில்லத்தில் ஒரு காலத்தில் இருந்தது. 1995ஆம் ஆண்டு படையினர் வலிகாமத்தைக் கைப்பற்றிய பின்னர் அது இடிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டுச் சமாதான காலத்தில் மீண்டும் கட்டினார்கள். 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்தபின் அதுவும் தரைமட்டமாக்கப்பட்டு, 2011ஆம் ஆண்டில் அந்நிலத்திலே இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் எழுந்தது. அதற்கு எதிரேயுள்ள காணியில் நின்று விளக்கேற்றிய தாய்மாரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அடக்கம் பண்ணிய பிள்ளையை மறுபடியும் கிளறுவது எந்தச் சமயத்திலும் பாவம். அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தாய்க்கு வேறொரு கவலையும் உண்டு. “ஆயுதம் ஏந்திச் செத்தவனுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாமா?” அவள் வெட்கத்தோடே கேட்கிறாள். வேறு சிலரோ, “அவன் மாவீரன், அவனுக்குச் செபம் எதற்கு?” என்கிறார்கள். இரண்டுக்கும் மறுமொழி வேதாகமத்திலேயே இருக்கிறது.

மக்கபே இரண்டாம் ஆகமம் 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யூதா மக்கபே போரில் விழுந்த தன் வீரரை அடக்கம் பண்ண வருகிறான். உடல்களைத் தூக்கும்போது ஒவ்வொருவருடைய அங்கிக்குள்ளும் யாம்னியா ஊர் விக்கிரகங்களின் தாயத்து இருக்கக் காண்கிறான். கட்டளையை மீறியவர்கள்! யூதா அவர்களை எறிந்துவிட்டுப் போகவில்லை. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று மூடி மறைக்கவுமில்லை. ஆளுக்காள் பணம் சேர்த்து, இரண்டாயிரம் வெள்ளிக்காசு வரை யெருசலேமுக்கு அனுப்பி, அவர்களுடைய பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கச் சொன்னான். மரித்தோர் உயிர்த்தெழுவர் என்று நம்பியபடியால் அப்படிச் செய்தான். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக நாம் செபிக்கும் வழக்கத்துக்குத் திருச்சபை காட்டுகிற முதன்மையான வேத ஆதாரமே, பாருங்கள், போர்க்களத்தில் விழுந்த பாவிகளைப் பற்றியது.

ஆகவே பூசை ஒப்புக்கொடுப்பது அவன் செய்த யாவற்றையும் சரியென்று ஒப்புக்கொள்வது ஆகாது. மாவீரனென்று பட்டம் சூட்டிவிட்டால் அவனுக்காகச் செபிப்பவர்களும் குறைந்துவிடுவார்கள். மனிதனுக்குப் பட்டத்தைவிட இரக்கமே பெரிய தேவை.

சயனைட் குப்பி கடித்துச் செத்த பிள்ளையின் தாய் இன்னும் நடுங்குகிறாள். அவளுக்கும் ஒரு வார்த்தை. 1992ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன்னுயிரை மாய்ப்பது பாரதூரமான காரியம் என்று போதிக்கிறது. சித்திரவதைக்கு அஞ்சும் பெரும் பயம் அந்தக் குற்றப்பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. அப்படி இறந்தவர்களின் இரட்சணியத்தைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்கிறது. பிடிபட்டால் என்ன நடக்கும் என்று நம் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். அந்தக் கடைசி நிமிடத்தில் அவன் ஆண்டவரை நினைத்தானோ என்பது ஆண்டவருக்கே தெரியும்.

சகல ஆத்துமாக்கள் திருநாளில் ஒரு குரு மூன்று பூசை செய்யலாம் என்பதை அறிவீர்கள். அந்த உத்தரவு எப்போது வந்தது தெரியுமா? 1915ஆம் ஆண்டு, முதலாம் உலக மகா யுத்தத்தில் ஐரோப்பா பிணக்காடாய்க் கிடந்த வேளையில், பாப்பானவர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் எல்லா நாட்டுக் குருக்களுக்கும் அதை அளித்தார். யேர்மன் கத்தோலிக்கனும் பிரெஞ்சுக் கத்தோலிக்கனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தனர். பாப்பானவர் பூசையைப் பக்கம் பிரித்துக் கொடுக்கவில்லை.

நாமோ பிரிக்கிறோம். 1986ஆம் ஆண்டு சக தமிழ் இயக்கத்தாலேயே கொல்லப்பட்ட ரெலோ இளைஞரின் தாய்மார் எந்த விளக்கருகே நிற்பார்கள்? 1987ஆம் ஆண்டு இந்தியப் படை வந்தபோது இருதரப்பிலும் மாண்டவர்கள்? விருப்பமில்லாமலே பிடித்துச் செல்லப்பட்டுக் களத்தில் விழுந்த சிறுவர்கள்? ஆனையிறவில் 1991இல் செத்த சிங்களப் படைவீரன் ஒருவனுக்கு வீதியோரத்தில் நினைவுச்சின்னம் நிற்கிறது. அதைக் கடந்து போகும்போது நமக்கு நெஞ்சு கசக்கிறது. நம் பிள்ளையின் கல்லறை இல்லாத மண்ணில் அவனுக்குச் சின்னமா என்று. கசப்பு நியாயமானதே. என்றாலும் அவனையும் ஒருத்தி பத்து மாதம் சுமந்தாள். ஆயுதம் தொடாமலே 1995ஆம் ஆண்டு ஆடி 9ஆம் திகதி நவாலி புனித இராயப்பர் கோவிலில் குண்டுக்கு இரையான நூற்றுக்கு மேற்பட்டோரை நினைக்கையில், கொன்றவனுக்காகச் செபிப்பது எவ்வளவு பாரமானது என்பதை நான் அறியாமல் எழுதவில்லை.

இந்த மாதம் மரித்தோரின் பெயர்களை எழுதிக் கோவிலில் கொடுக்கும்போது, உங்கள் பிள்ளையின் பெயரை வெட்கமின்றி எழுதுங்கள். இயக்கப் பெயரை அல்ல, ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை. அதன் கீழே ஒரு வரி இடம் விடுங்கள். மற்றப் பக்கத்தில் விழுந்தவன் ஒருவனுக்கு அந்த வரி. பெயர் தெரியாவிட்டால் “ஆனையிறவில் இறந்தவர்” என்று எழுதினாலும் போதும். பங்குச் சுவாமி விளங்கிக்கொள்வார்.