ஒரு பழைய பஸ்ஸும் ஜீர்ணோத்தாரணமும்

பழைய பொருளை என்ன செய்வது என்பது பணப் பிரச்னைபோல் தோன்றுகிற ஒழுக்கப் பிரச்னை. நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் மிகச் சாதாரணமானது. ராசிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவரோரம் பழைய பள்ளி பஸ் ஒன்று நிற்கிறது. அதைப் பட்டறைக்கு விட்டுப் புதுப்பிப்பதா, பிரித்து விற்றுவிடுவதா என்று நிர்வாகக் குழு இரண்டு கட்சியாகிவிட்டது. புதுப்பிக்கக் கடன் கிடைக்குமா என்று கேட்க வந்தவர்கள் மூலம் விஷயம் பாங்குக் குமாஸ்தாவான என்னிடம் வந்தது. கடன் மேனேஜர் பாடு. கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் இது அந்நியமான கேள்வி அல்ல. இங்கே பஸ்ஸோ லாரியோ முழுசாகப் பிறப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து சேஸிஸ் வரும். தலைக்குமேல் கூரைகூட இல்லாமல் ஒருவர் அதை ஓட்டிக்கொண்டு வருவார். பிறகு பட்டறையில் தச்சரும் வெல்டரும் பெயிண்டரும் சேர்ந்து அதற்கு உடம்பு கட்டுவார்கள். ஆக, ஆரம்பத்திலேயே அது இரண்டு. இதில் 'பஸ்' எது? ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டால் சேஸிஸ் நம்பரைக் காட்டும். என்ஜினை மாற்றினால் பதிவில் திருத்திக்கொள்ளலாம். பஸ் பழைய பஸ்தான். உடம்பை மாற்றினாலும் அப்படியே. சட்டம் ஆன்மாவை இரும்புச் சட்டத்தில் கண்டுகொண்டிருக்கிறது. தத்துவவாதிகளைவிட மோட்டார் வாகன இலாகா தைரியசாலி.

தத்துவவாதிகள் தயங்கினார்கள். மிலிந்த அரசனிடம் நாகசேனர், அச்சாணியா தேர், சக்கரமா தேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தேர் என்பது ஒரு பெயர்தான் என்று காட்டினார். கிரேக்கர்கள் தெஸியஸின் கப்பலை எடுத்துக்கொண்டார்கள்: பலகை பலகையாக மாற்றிய பிறகு அது அதே கப்பல்தானா? 17ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் இன்னும் சிக்கலாக்கினார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து மறுபடி ஒரு கப்பல் கட்டினால், இரண்டில் எது அது? எல்லாம் கூர்மையான கேள்விகள். ஆனால் எல்லாமே கரையில் நின்று கேட்கப்பட்டவை. கப்பலில் யார் போகிறார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

பள்ளி பஸ் விஷயத்தில் அந்த ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2012 ஜூலையில், சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில், இரண்டாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி ஓடும் பள்ளி பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வகுத்தது. அந்த ஓட்டைக்குப் பிறகு 'புதுப்பித்தல்' என்ற வார்த்தையை நாம் பழைய மாதிரி சொல்ல முடியாது. மஞ்சள் பெயிண்ட் துருவை மூடும். துருவின்மேல் வைத்த காலைத் தாங்காது.

புதுப்பிக்க வேண்டும் என்கிற கட்சி, தங்கள் பக்கம் மரபு இருப்பதாக நினைக்கிறது. பள்ளியின் முதல் பஸ். முதல் செட் மாணவர்கள் அதில்தான் வந்தார்கள். இந்த உணர்ச்சியை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் மரபு சொல்வது என்ன? நம் கோயில்களில் ஜீர்ணோத்தாரணம் உண்டு. பாலாலயம் செய்து மூர்த்தியின் சாந்நித்தியத்தை வேறிடத்தில் இருத்தி, திருப்பணி முடித்து, கும்பாபிஷேகத்தில் திரும்ப ஏற்றுகிறார்கள். இது நினைவைப் பாதுகாக்கிற காரியம் இல்லை. பூஜை தொடர்வதற்காகச் செய்கிற காரியம். பின்னப்பட்ட சிலைக்குப் பூஜை கிடையாது. அதை நீரில் விட்டுவிடுகிற வழக்கமும் அதே மரபில்தான் இருக்கிறது. அளவுகோல் பழமை இல்லை, தகுதி. பஸ்ஸை ஓட்டாமல் காட்சிக்கு நிறுத்திவைக்கிறோம் என்றால் அது நேர்மையான மூன்றாவது வழி; அப்போது அந்தச் செலவு யார் கட்டிய ஃபீஸிலிருந்து வருகிறது என்றாவது சொல்லியாக வேண்டும்.

பிரித்து விற்கச் சொல்கிற கட்சி தன்னை யதார்த்தவாதி என்று நினைத்துக்கொள்கிறது. பாங்குப் பேரேட்டில் தேய்மானம் எழுதும் ஒரு முறை உண்டு: ஒவ்வொரு ஆண்டும் மீதி மதிப்பில் இத்தனை சதவிகிதம் கழிப்பது. இந்தக் கணக்கில் எந்தப் பொருளும் பூஜ்யத்தைத் தொடுவதில்லை; எத்தனை ஆண்டு போனாலும் ஏதோ ஒரு மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். காயலான் கடைக்காரருக்கு இந்த அவஸ்தை இல்லை. தராசில் போட்டு எடை சொல்லிவிடுவார். பேரேட்டுக்கு விடத் தெரியாது. தராசுக்கு ஞாபகம் கிடையாது.

ஆனால் பிரிப்பது நிரபராதமான காரியம் என்று நான் ஒப்பமாட்டேன். ஸ்பிரிங் பட்டை கொல்லுப்பட்டறைக்குப் போய் அரிவாளாகலாம். டயர் செருப்பாகலாம். ஸீட் டீக்கடைத் திண்ணையில் கிடக்கலாம். இவை நல்ல மறுபிறவிகள். விரிசல் கண்ட ஆக்ஸிலும் தேய்ந்த ஸ்டீரிங் பாகங்களும் அப்படிப் போவதில்லை. இன்னும் கை சுருங்கிய யாரோ ஒருவருடைய வண்டிக்குள், அநேகமாக இன்னொரு பழைய பஸ்ஸுக்குள் போகின்றன. பஸ் சிதறும்போது பொறுப்பும் சிதறுகிறது. விற்றவர் வாங்கியவரைப் பார்ப்பதே இல்லை. 2021இல் மத்திய அரசு வகுத்த விதிகள், பதிவுபெற்ற நிலையத்தில் உடைத்து அதற்குச் சான்றிதழ் வாங்கும் வழியைக் காட்டுகின்றன. நல்லதுதான். ஆனால் எந்தப் பாகம் இன்னொரு வண்டிக்குப் போகலாம், எதை இனி ஓடாதபடி வெட்டிப்போட வேண்டும் என்ற தீர்ப்பில் உடையவருக்கும் பங்கு இருக்கிறது. சான்றிதழ் அந்தப் பங்கைக் கழித்துவிடாது.

நம் காரியங்களிலும் இதே இரண்டு கட்சிகள்தான். 1959இல் தொடங்கிய 'எழுத்து' 1970இல் நின்றது. சேலத்திலிருந்து 1968 முதல் வந்த 'நடை'யும் 1970இல் நின்றது. அவற்றைப் புதுப்பித்து ஓட்ட யாரும் மெனக்கெடவில்லை; எழுதியவர்கள் வேறு பத்திரிகைகளுக்குப் போனார்கள். அது ஆரோக்யமான பிரிதல். மரபைப் புதுப்பிக்கிறோம் என்கிறவர்களில் பலர் செய்வது பெயிண்ட் வேலை. மரபிலிருந்து வேண்டியதை மட்டும் கழற்றிக்கொள்கிறோம் என்கிற நம்மவர்களில் பலர், கழற்றிய பாகத்தில் விரிசல் இருக்கிறதா என்று தட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டிலும் ஏறி உட்காருகிறவன் வாசகன்.

பஸ்ஸுக்கு வருகிறேன். புதுப்பிப்பதானாலும் பிரிப்பதானாலும் முதல் வேலை ஒன்றே: தகரத்தையும் தரைப்பலகையையும் கழற்றி, சேஸிஸை வெளிச்சத்தில் பார்ப்பது. பாதி வழிவரை இரண்டு காரியங்களும் வேறுவேறல்ல. சட்டம் உறுதியாக இருந்தால் புது உடம்பு கட்டலாம். பழைய மாணவர்கள் சந்தோஷப்படட்டும். இல்லையென்றால் கெட்டதை வெட்டிப்போட்டு மற்றதை விற்கலாம். எஃப்.சி. கிடைத்துவிடும் என்பது இதற்குப் பதில் ஆகாது. தாம்பரத்துப் பஸ்ஸுக்கும் சான்று கொடுத்த கை ஒன்று இருந்தது.

நான் கவனித்தது இதுதான்: இரண்டு கட்சிகளும் தகரத்தைக் கழற்றுவதற்கு முன்பே முடிவை வைத்திருந்தன. ஒன்று நினைவைக் காப்பாற்ற விரும்பியது, மற்றது கையைக் கழுவ விரும்பியது. பஸ்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க இரண்டுக்கும் விருப்பமில்லை.