வாட்டர் பம்பும் மூன்று அளவைகளும்

காரின் வாட்டர் பம்ப் பெரும்பாலும் பெல்ட்டால் சுழல்வது. தண்டின் ஒரு முனையில் புல்லி, மறுமுனையில் இம்பெல்லர், இடையில் பேரிங்கும் சீலும். இம்பெல்லர் சுழலும்போது கூலன்ட் நடுவில் நுழைந்து விளிம்புக்கு வீசப்பட்டு, எஞ்சின் பிளாக்கையும் ஹெட்டையும் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது. ஆறியபின் பம்புக்கே திரும்புகிறது. எல்லாம் மூடிய உறைக்குள் நடப்பதால், பம்ப் கெட்டதா என்பது கண்ணால் தீரும் வழக்கு அல்ல. காண்டல், கருதல், உரை என்று சைவ சித்தாந்தம் கொள்ளும் மூன்று அளவைகளில், அதாவது அறியும் வழிகளில், இங்கே பெரும்பங்கு கருதலுக்குத்தான்.

கருதலுக்குப் பிழையாத ஏது, அதாவது காரணம், வேண்டும். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டதுமே பம்பின்மேல் பழி போடுவது உண்டு. தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கினாலும், ரேடியேட்டர் அடைத்தாலும், ஃபேன் ஓடாவிட்டாலும், ஹெட் கேஸ்கெட் போனாலும் அதே முள் ஏறும். பம்ப் கெட்ட இடத்திலும் கெடாத இடத்திலும் ஒருபோல் காணப்படும் இத்தகைய ஏதுவை மணிமேகலையின் 29ஆம் காதை அநைகாந்திகம் என்று ஏதுப்போலிகளில் வைக்கிறது.

நம்பத்தக்க ஏதுவைப் பம்பைச் செய்தவர்களே வைத்திருக்கிறார்கள். சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே உடலில் ஒரு சிறு கசிவுத்துளை உண்டு. சீலைத் தாண்டிய கூலன்ட் பேரிங்கைக் கெடுக்காமல் வெளியேற அது வழி. துளையின் வாயில் பச்சையாகவோ சிவப்பாகவோ உப்புப் பூத்ததுபோல் படிவு இருந்தால் சீல் விட்டுவிட்டது. பம்பை மாற்ற வேண்டியதுதான். புதுப் பம்ப் சீல் படியும்வரை ஓரிரு சொட்டு விடலாம், அது கணக்கில் சேராது. புல்லியைக் கையால் அசைத்தால் ஆட்டம் தெரிவது பேரிங் தேய்ந்ததற்கு அடையாளம்.

அடையாளம் இல்லாததால் பழுது இல்லை என்றாகாது. பிளாஸ்டிக் இம்பெல்லர் தண்டில் பிடி விட்டுச் சும்மா நழுவினால் சொட்டும் இல்லை, இரைச்சலும் இல்லை. கூலன்ட் மட்டும் ஓடாது.

டைமிங் பெல்ட்டே பம்பைச் சுழற்றும் எஞ்சின்களில் சிக்கல் இன்னும் கூர்மையானது. பல கார்களில் ஏறத்தாழ 1 லட்சம் கி.மீ. அளவில் பெல்ட்டை மாற்றும்போதே, கசிவில்லாத பம்பையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். பிரிக்கும் கூலி ஒன்றே. பின்னால் பம்ப் இறுகிப் பெல்ட் அறுந்தால், பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும். ஆனால் இந்தக் குறிப்பிட்ட பம்பில் குறையேதும் கண்டதில்லை, கருதவும் ஏதுவில்லை. ஆதாரம் காரைச் செய்தவர் தரும் கையேட்டின் உரை மட்டுமே.

நம்பத்தக்கவர் உரையைத் தனி அளவையாக நியாய தரிசனம் ஏற்கிறது. திக்நாகர் வழிப் பௌத்தர் காட்சி, கருதல் என இரண்டோடு நிறுத்தி, உரையைக் கருதலுக்குள் அடக்குவர். பம்பைப் பொறுத்தவரை பௌத்தர் பக்கமே வலுவாக இருக்கிறது. கையேட்டின் எண், பல பம்புகள் எவ்வளவு ஓடின என்பதிலிருந்து செய்தவர் கருதிச் சொன்னது. சரியான கூலன்ட் ஊற்றப்படும் என்பது அதில் அடங்கிய நிபந்தனை. வெறும் குழாய்த் தண்ணீரிலேயே ஓடும் காரில் துருவும் உப்புப் படிவும் சீலை முன்னதாகவே தின்றுவிடும். அந்தப் பம்புக்கு அந்த எண் செல்லாது.