எந்த நெருப்பு?

நெருப்பில் நல்ல நெருப்பு, கெட்ட நெருப்பு என்று உண்டா? விறகடுப்பில் கொதித்த ரசம் வேறு, காஸ் அடுப்பில் கொதித்த ரசம் வேறு என்று சாதிக்கிற பாட்டிமார்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. ருசியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நியாயத்தை முன்னிறுத்தி இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நம் சமையலறையைச் சேர்ந்ததல்ல. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறார்களே, அவர்களுடைய கொல்லைப்புறத்தைச் சேர்ந்தது.

நம் ஊரில் அந்தக் காரியத்தைச் செய்ய முடியாது. 1937-இல் பிறந்த மதுவிலக்குச் சட்டம் வாசற்படியிலேயே நிற்கிறது. அங்கேயும் அது எப்போதும் சுலபமாக இருந்ததில்லை. இங்கிலாந்தில் 1963 வரை லைசென்ஸ் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1978-இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் வீட்டுப் பியருக்கு மத்திய சட்டம் வழி விட்டது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு 200 காலன் என்று வரம்பும் கட்டியது. குடிப்பது சரியா, தவறா என்பது வேறு விசாரணை. அதை இங்கே இழுக்கப் போவதில்லை. நமக்கு வேண்டியது அண்டாவும் அடுப்பும்தான்.

காரியம் இதுதான். முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி வெந்நீரில் ஊற வைக்கிறார்கள். அந்தத் தித்திப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு, ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்க விடுகிறார்கள். பிறகு ஆற வைத்து ஈஸ்ட் சேர்த்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். வழக்கமான அளவு 5 அமெரிக்கக் காலன், அதாவது சுமார் 19 லிட்டர். ஆவியாகிப் போவதையும் சேர்த்துத் தொடக்கத்தில் 25 லிட்டர் வரை பாத்திரத்தில் இருக்கும். கைவேலையில் பிரியமுள்ளவன் இதற்காகக் கடைக்குப் போவதில்லை. பழைய எஃகுப் பீப்பாய் ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் தலையை அறுத்து, அடியில் துளையிட்டுக் குழாய் வைத்து, தானே அண்டா செய்துகொள்கிறான். அண்டா ஆயிற்று. அதற்கு எந்த நெருப்பு?

கணக்கைப் பார்ப்போம். 15 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் நீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய இரண்டரை யூனிட் மின்சாரம் செலவாகும். அமெரிக்க வீட்டின் சாதாரண 120 வோல்ட் பிளக்கிலிருந்து 1500 வாட் எடுத்தால், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். 240 வோல்ட்டில் 5500 வாட் எலிமெண்ட் ஒன்றை அண்டாவுக்குள்ளேயே பொருத்திவிட்டால் அரை மணி போதும். ஆனால் அது 23 ஆம்பியர் இழுக்கும். தனிக் கம்பி வேண்டும், நல்ல எர்த் வேண்டும், மின்சாரம் கசிந்த கணமே இணைப்பைத் துண்டிக்கும் சாதனமும் வேண்டும். இதற்கெல்லாம் பணமும் தெரிந்த ஆளும் தேவை. புரொப்பேன் சிலிண்டருக்கு இந்தச் சடங்கு எதுவும் கிடையாது. பர்னரை மாட்டிப் பற்ற வைத்தால் சீறிக்கொண்டு எரியும். வெப்பத்தில் பாதிக்கு மேல் பாத்திரத்தின் பக்கமாக வானத்துக்குப் போய்விடலாம். போனால் போகட்டும், காஸ் மலிவுதானே என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்தத் தர்க்கத்தில் நடுவராக உட்காரத் தகுதியுள்ள ஒருவர் சரித்திரத்தில் இருக்கிறார். ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், 1818-இல் இங்கிலாந்தின் ஸால்ஃபோர்டில் பியர் ஆலைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். நீராவி இயந்திரத்துக்குப் பதிலாக மின் மோட்டார் வைத்தால் கட்டுபடியாகுமா என்று இளம் வயதிலேயே கணக்குப் போட்டார். பாட்டரியில் கரையும் துத்தநாகத்தின் விலை நிலக்கரியோடு போட்டியிட முடியாது என்று கண்டார். ஆனால் அந்தக் கணக்கு அவரை வேறொரு பெரிய இடத்துக்கு அழைத்துச் சென்றது. நீரில் துடுப்பைச் சுழற்றினாலும், கம்பியில் மின்சாரத்தை ஓட்டினாலும் பிறப்பது ஒரே வெப்பம்தான்; இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்ற விகிதம் மாறுவதில்லை என்று 1840-களில் நிரூபித்தார். நீருக்குத் தன்னைச் சுடுவது எது என்று தெரியாது. பியர் ஆலைக்காரரின் மகன் உலகத்துக்குச் சொன்ன சேதி அது.

அப்படியானால் மலிவானதை வாங்கிப் பற்ற வைத்துவிட வேண்டியதுதானே? ருசியும் இதற்குக் குறுக்கே நிற்பதில்லை. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்துப் பியரில் புகைமணம் உண்டு. அது அண்டாவின் அடியிலிருந்து வருவதல்ல, பார்லியை பீச் மரப் புகையில் உலர்த்துவதால் வருவது. மூடிய உலோகத்தின் கீழே எது எரிந்தாலும், அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஜூல் சொன்னதை நான் மறுக்கவில்லை. அண்டாவுக்குள்ளே அது முழு உண்மை. ஆனால் நாம் வாழ்வது அண்டாவுக்கு வெளியே. உள்ளே போகிற வெப்பம் ஒன்றுதான். வெளியே நிற்கிற நெருப்புகள் பலவிதம். ஒவ்வொரு நெருப்பும் தன் மிச்சத்தை யாரோ ஒருவர் தலையில் இறக்கி வைக்கிறது. யார் தலையில் என்பதுதான் நியாயத்தின் கேள்வி.

குளிர்காலத்து இரவு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பனி. காரை நிறுத்தும் கொட்டகைக்குள் பர்னர் எரிகிறது. கதவைத் திறந்து வைத்தால் கை விறைக்கிறது; ஆகவே கதவைச் சாத்துகிறான். சாத்திய அறையில் காஸ் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ‘என் உயிர், என் இஷ்டம்’ என்று அவன் சொல்லலாம். ஆனால் அந்தக் காற்று அவனோடு நிற்காது. கொட்டகையை ஒட்டிய வீட்டுக்குள்ளும் மாடிக்கும் போகும். மாடியில் தூங்கும் குழந்தை அந்தப் பியரில் ஒரு துளியும் குடிக்கப் போவதில்லை. சுகத்தில் பங்கில்லாதவருக்கு ஆபத்தில் பங்கு வைக்கிறோமே, அந்த இடத்தில் ஒரு பொழுதுபோக்கு குற்றமாகிவிடுகிறது.

மின்சாரம் வைத்தவன் உடனே மார்தட்டக் கூடாது. அவன் வீட்டில் புகை இல்லை என்பது மெய். அனல் மின்நிலையத்திலிருந்து அந்த மின்சாரம் வந்திருந்தால், எங்கோ ஓர் ஊரின் மேல் அந்தப் புகை நிற்கிறது. நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது; மீதி அங்கேயே வீணாகிறது. சுத்தம் என்று நாம் மெச்சிக்கொள்வதில் பாதி, அழுக்கைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் வைத்த சாமர்த்தியம். நம் வீட்டுக் குளிர்சாதனத்துக்கும் இதே விசாரணை உண்டு.

‘எல்லா நெருப்பும் பாவம் என்றால் எதை வைத்தால் என்ன?’ என்று ஒருவர் கேட்கக்கூடும். கெட்டிக்காரத்தனமான கேள்விதான், ஆனால் நேர்மையான கேள்வி அல்ல. தூரத்துத் தீமை நம் கையில் சிறு பங்காக இருக்கிறது; அதைக் குறைக்க ஊர் கூடி வழி தேட வேண்டும், தேடவும் செய்கிறார்கள். பக்கத்துத் தீமை முழுக்க முழுக்க என் கையில் இருக்கிறது. அதைத் தடுக்க நான் ஒருவன் போதும். இரண்டையும் ஒரே தராசில் போட்டு, இரண்டுக்கும் பொறுப்பில்லை என்று கைகழுவுவது தத்துவம் ஆகாது.

ஆகவே தீர்ப்பு நெருப்பின் பெயரைப் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. திறந்த வெளியும், அடுப்பை விட்டு நகராமல் நிற்கும் பொறுமையும் உள்ளவனுக்குக் காஸ் நியாயமான நெருப்பு. முறையாகக் கம்பி இழுத்து எர்த் போடச் செலவு செய்யக்கூடியவனுக்கு மின்சாரம் நியாயமானது. அந்தச் செலவை மிச்சம்பிடித்துப் பழைய கம்பியில் எலிமெண்டை மாட்டுகிறவனுக்கு அதே மின்சாரம் அநியாயம். இரண்டுக்கும் வழியில்லாதவன் என்ன செய்வது?

அவனுக்கும் ஒரு வழி இருக்கிறது. அண்டாவுக்கு ஏற்ற நெருப்பு கிடைக்காவிட்டால், நெருப்புக்கு ஏற்ற அண்டாவை எடுத்துக்கொள்ளலாம். சமையலறை அடுப்பில் ஒரு காலன் காய்ச்சுகிறவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு காலன் என்றால் நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பத்துப் பாட்டில்தான் வரும், கூட்டம் கூட்டி விருந்து வைக்க முடியாது. ஆனால் அந்த அடுப்பில் ஏற்கெனவே குடும்பத்துக்குச் சமைக்கிறார்கள்; அதன் காற்றும் ஆபத்தும் அளந்து தெரிந்தவை.

ஆசையின் அளவை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் அதற்குச் சாதனம் தேடுவதே நம் எல்லோருடைய வழக்கமும். சாதனம் அகப்படாதபோது அடுத்தவர் மூச்சிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறோம். கடன் வாங்கியது நமக்கே தெரிவதில்லை. அண்டாவைச் செய்கிறவன் பீப்பாயின் தலையை அறுப்பதற்கு முன்பே நெருப்பைப் பற்றி யோசித்திருந்தால், ஒருவேளை சின்னப் பாத்திரத்தோடு திருப்தி அடைந்திருப்பான். அந்தத் திருப்தியில் பியரின் அளவு குறையும். மாடியில் தூங்குகிறவர்களின் தூக்கம் குறையாது.